நீண்ட நாள் உழைக்கிற விண்ட்சர்ஃபிங் பாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விண்ட்சர்ஃபிங் என்பது ஒரு பலகையின் மேல் நின்று, அதில் பொருத்திய பாய்மரப் பாயைக் கையால் பிடித்துக் காற்றில் சறுக்கும் விளையாட்டு. நான் சொந்தமாக வாங்கிய முதல் பாய், இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்ற பழைய பாய். விரித்துக் காட்டியபோது கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது, ஒரு ஒட்டுகூட இல்லை, அதை வைத்தே வாங்கிவிட்டேன். மூன்றாவது நாள் திடீரென்று பலமாக ஒரு காற்று வீச்சு வந்தது. ஹார்னஸ் கொக்கியை (பாயின் இழுவையை உடம்பில் தாங்கக் கட்டிக்கொள்ளும் பட்டையின் கொக்கி) விடுவிக்க நேரமில்லை, முன்னால் தூக்கி எறியப்பட்டு பாயின் மேலேயே போய் விழுந்தேன். முழங்கால் பட்ட இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அங்கே ஆரம்பித்த கிழிசல் நான் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பின்விளிம்பு வரைக்கும் ஓடி முடிந்திருந்தது. கரைக்கு வந்து கிழிந்த ஓரத்தை விரலால் மடக்கிப் பார்த்தேன், காய்ந்த சருகு மாதிரி முறிந்தது.

அந்தப் பாயைக் கிழித்தது என் முழங்கால் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது வெயிலில் எப்போதோ செத்துப்போயிருந்தது, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு அன்று தெரியவில்லை. பொழுதுபோக்குக்காக, வாரக் கடைசியில் காற்று கிடைத்தால் ஓட்டுகிறவர்கள் பாய் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். உழைக்கிற பாய் என்றால் எல்லா இடத்திலும் தடிமனாக இருக்கிற பாய் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் எங்கே விழுவீர்களோ, எங்கே உரசுவீர்களோ, அந்த இடங்களில் பலமாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் அது லேசாக இருப்பதுதான் உங்கள் கைக்கும் முதுகுக்கும் நல்லது.

முதலில் சில பெயர்கள்

பாய்க்குள் நுழைகிற நீளமான கம்பம் மாஸ்ட். அது நுழைகிற துணிக் குழாயை மாஸ்ட் உறை என்று சொல்கிறேன். நீங்கள் கையால் பிடிக்கிற வளைந்த குழாய் பூம். பாயின் குறுக்கே, முன்னிருந்து பின்னாகப் போகிற குச்சிகள் பேட்டன்கள், பாய்க்கு வடிவம் கொடுப்பவை அவைதான். மாஸ்டின் அடியில் பாயைக் கீழ்நோக்கி இழுக்கிற கயிறு டவுன்ஹால், பூமின் பின்முனையை நோக்கி இழுக்கிற கயிறு அவுட்ஹால். பூமுக்குக் கீழும் மேலும், நீங்கள் எதிரே பார்ப்பதற்காக விட்டிருக்கும் ஒளி ஊடுருவும் பகுதி ஜன்னல். இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கலாம்.

முதல் படி: எந்த வகைப் பாய்

பாய்களை அலைப் பாய், ஃப்ரீஸ்டைல், கிராஸ்ஓவர், ஃப்ரீரைடு, ஃப்ரீரேஸ், ரேஸ் என்று பிரித்து விற்கிறார்கள். பெயர்கள் நிறைய இருந்தாலும் நீடிப்பைப் பொறுத்தவரை விஷயம் எளிது. அலைப் பாய்கள் கரையில் உடையும் அலைக்குள் மாட்டி உருட்டப்படும் என்று தெரிந்தே தைக்கப்படுபவை, அதனால் அவற்றில் பலப்படுத்தல் அதிகம். அளவு பெரும்பாலும் 3 முதல் 6 சதுர மீட்டருக்குள் இருக்கும். இன்னொரு கோடியில் ரேஸ் பாய்கள். அவை பெரியவை, அகலமான மாஸ்ட் உறையும் மூன்று நான்கு கேம்களும் கொண்டவை, வேகத்துக்காக எடையையும் துணியையும் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. 2024 ஒலிம்பிக்கில், பலகை தண்ணீருக்கு மேலே எழும்பிப் போகும் ஐக்யூஃபாயில் பிரிவில் ஆண்கள் 9, பெண்கள் 8 சதுர மீட்டர் பாய்களோடு பறந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு அந்த மாதிரிப் பாயைத் தேடுகிறவர்கள் உண்டு. ஆசை நியாயமானதுதான், ஆனால் வாரம் ஒருமுறை ஓட்டி, பத்து முறை விழுந்து கற்றுக்கொள்கிற ஒருவருக்கு அந்த ரகப் பாய் சரிப்படாது.

கேம் என்பது பேட்டனின் முன்முனையை மாஸ்டோடு கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு. பாய்க்கு நிலையான வடிவம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பாயைப் பூட்டுவதும் கழற்றுவதும் சிரமம், தண்ணீரில் விழுந்தால் அந்த அகலமான உறைக்குள் தண்ணீர் நிறைந்து பாயைத் தூக்குவதே பெரும்பாடு, தேய்ந்துபோகக்கூடிய உறுப்பு ஒன்று கூடுகிறது. முதல் பாய்க்குக் கேம் வேண்டாம்.

அப்புறம் எதை வாங்குவது? என் பதில்: கேம் இல்லாத, ஐந்து அல்லது ஆறு பேட்டன் உள்ள கிராஸ்ஓவர் (பல வகை ஓட்டத்துக்கும் பொதுவானது) அல்லது ஃப்ரீரைடு (சாதாரணப் பொழுதுபோக்கு ஓட்டத்துக்கானது) பாய். இன்னும் தண்ணீரில் நிற்கவே கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதுகூடத் தேவையில்லை, டேக்ரான் துணியில் தைத்த சின்னப் பாய் போதும். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

இரண்டாவது படி: துணியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பாய் வாங்குவதில் முக்கால்வாசி இதுதான்.

விண்ட்சர்ஃபிங் பாயில் பெரும்பாலும் மூன்று வகைத் துணி இருக்கும்: டேக்ரான், மோனோஃபிலிம், எக்ஸ்-ப்ளை. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், பாலியெஸ்டர். டேக்ரான் என்பது பாலியெஸ்டர் நூலால் நெய்த துணி. மோனோஃபிலிம் என்பது அதே பாலியெஸ்டரை மெல்லிய படலமாக இழுத்தது. எக்ஸ்-ப்ளை என்பது இரண்டு படலங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக நூல் வலை வைத்து ஒட்டியது. உற்றுப் பார்த்தால் கட்டம் கட்டமாக அந்த நூல்கள் தெரியும்.

இப்போது இவை எப்படிக் கிழியும் என்று யோசித்துப் பாருங்கள். நெய்த துணியில் ஒரு ஓட்டை விழுந்தால், கிழிசல் மேலே போக ஒவ்வொரு நூலாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் ஒரு தடை. படலத்தில் அந்தத் தடையே கிடையாது. முழுதாக இருக்கும்வரை மோனோஃபிலிம் நம்ப முடியாத அளவுக்கு இழுவிசை தாங்கும், நீட்சி அடையாது, அதனால்தான் பாயின் வடிவம் கலையாமல் நிற்கிறது. ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்துவிட்டால், இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவியும், கிழிசல் ஒரே ஓட்டமாக ஓடும். பிளாஸ்டிக் பொட்டலத்தை ஓரத்தில் லேசாகப் பல்லால் கீறிவிட்டால் மீதி தானாகக் கிழிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. எக்ஸ்-ப்ளையில் படலம் கிழிந்தாலும் அடுத்த நூல் வந்ததும் கிழிசல் நின்றுவிடும். ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், நீங்கள் கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்து ஒட்டுப் போடலாம்.

அப்படியானால் எல்லாப் பாயையும் டேக்ரானிலேயே தைத்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1968-ல் ஜிம் டிரேக்கும் ஹாய்ல் ஷ்வைட்சரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ‘விண்ட்சர்ஃபர்’ பலகையின் முக்கோணப் பாய் டேக்ரான்தான், அந்த வழியில் வந்த விண்ட்சர்ஃபர் எல்டி பலகைக்கு இன்றும் 5.7 சதுர மீட்டர் டேக்ரான் பாய்தான். மென்மையாக இருக்கும், மடிப்பு விழுந்தாலும் கவலை இல்லை, மேலே விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால் காற்று பலமானால் துணி நீளும், பாயின் வயிறு பின்னால் நகரும், கையில் பாரம் ஏறும். கற்றுக்கொள்கிறவர்கள் மெல்லிய காற்றில்தான் ஓட்டுவார்கள் என்பதால் அவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. ஹாட் செயில்ஸ் மாவி நிறுவனத்தின் சூப்பர்ஃப்ரீக் மாதிரி, நெய்த துணியை நம்பியே செய்யப்பட்ட பாய்களும் இருக்கின்றன. அவற்றுக்கு விசுவாசமான ஒரு கூட்டம் உண்டு, அந்த விசுவாசத்துக்குக் காரணம் முக்கியமாக மென்மையும் நீடிப்பும்தான்.

படலத்தின் தடிமனை மில் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். 5 மில் படலம் என்றால் சுமார் 0.13 மில்லிமீட்டர். தடிமன் கூடினால் குத்துக்கும் உராய்வுக்கும் கூடுதலாகத் தாங்கும், எடையும் கூடும். ஆனால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மோனோஃபிலிம் மோனோஃபிலிம்தான், கிழிய ஆரம்பித்தால் நிற்காது. அதனால் தடிமனான மோனோஃபிலிம், மெல்லிய எக்ஸ்-ப்ளை என்று இரண்டு பாய்கள் என் முன்னால் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது வெயில். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் பாலியெஸ்டர் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். படலம் முதலில் லேசாக மஞ்சளிக்கும் அல்லது பால் படிந்த மாதிரி மங்கும், வளையும் தன்மை போகும், கடைசியில் மொடமொடவென்று ஆகும். எக்ஸ்-ப்ளையும் இதற்குத் தப்பாது, ஆனால் அது சாகும்போதுகூட நூல் வலை பிடித்துக்கொள்வதால் உங்களை நடுக்கடலில் கைவிடாது. சில பாய்களில் வலைக்கு மஞ்சள் நிற அராமிட் நூல் போட்டிருப்பார்கள், கெவ்லார் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த அதே இழை. இழுவிசையை அது மிக நன்றாகத் தாங்கும். ஆனால் வெயில் அதற்கும் ஆகாது. பொன்மஞ்சளாக இருந்த நூல் பழுப்பாகிவிட்டது என்றால் அந்தப் பாய் நிறைய வெயில் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கெவ்லார் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது படி: எங்கே கிழியும் என்று பார்த்து வாங்குங்கள்

கடையில் பாயை விரித்தவுடன் எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கீழ்விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

பாயின் கீழ்விளிம்பு, ஓட்டும்போதும் பாய் தண்ணீரில் கிடக்கும்போதும் பலகையின் மேற்பரப்பில் உரசிக்கொண்டே இருக்கும். கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் சொரசொரப்பாகப் பூச்சு போட்டிருப்பார்கள், உப்புத்தாள் மாதிரி. அந்த உப்புத்தாளில் தினமும் தேய்கிற இடம் இது. இங்கே எக்ஸ்-ப்ளை இல்லாத பாயை வாங்கவே வாங்காதீர்கள், நல்ல பாய்களில் அதற்கு மேல் இன்னொரு தடித்த துணிப் பட்டையும் இருக்கும். அடிமூலையில் மாஸ்டின் கீழ்முனையையும் கப்பிகளையும் மூடுகிற மெத்தை மாதிரியான உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகையையும் உங்கள் கால்விரல்களையும் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்து ஜன்னல். நீங்கள் விழும் இடம், ஹார்னஸ் கொக்கி குத்தும் இடம் இரண்டும் இதுவே. பல பாய்களில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மற்ற எல்லா இடத்திலும் எக்ஸ்-ப்ளை போட்டுவிட்டு ஜன்னலில் மட்டும் மோனோஃபிலிம் விடுவார்கள். இதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எதிரே யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும், கூட்டமான இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அடிக்கடி தூக்கி எறியப்படுகிற நிலையில் இருக்கிறீர்கள் என்றால் ஜன்னலிலும் நூல் வலை உள்ள பாயை வாங்குங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் இரண்டு நாளில் கண் பழகிவிடும். ஜன்னல் மோனோஃபிலிமாகவே இருந்தால், அது ஒரே பெரிய துண்டாக இருக்கிறதா, நடுவில் தையல் போட்டுச் சின்னத் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கிழிசல் ஓடினாலும் தையலுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் தாண்டாது. துண்டு சின்னதாக இருந்தால் பின்னால் மாற்றித் தைப்பதும் எளிது.

மாஸ்ட் உறையைப் பூம் வந்து கவ்வும் இடத்தில் வெட்டி விட்டிருப்பார்கள். அந்த வெட்டின் மேல்முனையும் கீழ்முனையும் டவுன்ஹாலின் இழுவை முழுவதையும் தாங்குகிற மூலைகள். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பட்டை வைத்து மடித்துத் தைத்திருக்க வேண்டும். உறையின் உள்ளே பேட்டன்கள் மாஸ்டைத் தொடும் இடத்திலும் உராய்வைத் தாங்கும் பட்டை தேவை. பேட்டன் பைகளின் வெளிப்பக்கம், பாயின் உச்சி, அவுட்ஹால் கயிறு மாட்டும் பின்மூலை, இவை மூன்றும் கரையில் தரையோடு தேய்கிற இடங்கள். உச்சியில் தடித்த துணித் தொப்பி இருந்தால் நல்லது.

தையலைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரே வரி நேர்த்தையல் மட்டும் இருந்தால் அது ஊசி போட்ட ஓட்டைகளின் வரிசையாகிவிடும், தபால்தலைத் தாளில் கிழிப்பதற்காகப் போட்ட துளைகள் மாதிரி. வளைந்து வளைந்து போகும் தையல், இரண்டு வரியாக, அடியில் ஒட்டுப்பசையோடு இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் தையலின் மேல் பட்டை ஒட்டி நூலை மறைத்துவிடுகின்றன. துணிக்கு முன்னால் இற்றுப்போவது பெரும்பாலும் தையல் நூல்தான் என்பதால் அந்தப் பட்டைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

எடையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு பாய்களில் ஒன்று அரைக் கிலோ குறைவாக இருந்தால், அந்த அரைக் கிலோ எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் நான் மேலே சொன்ன இடங்களிலிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

நான்காவது படி: அளவும் மாஸ்டும்

அளவுக்கும் நீடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். காற்றுக்குப் பெரிதான பாயோடு போகிறவர்தான் அடிக்கடி தூக்கி எறியப்படுகிறார், எறியப்படுகிறவர்தான் பாயின் மேல் விழுகிறார். சுமார் 75 கிலோ எடையுள்ளவருக்கு 15 முதல் 18 நாட் காற்றில் 6.5 சதுர மீட்டர் அளவு பொதுவாகச் சரியாக இருக்கும். 20 நாட்டைத் தாண்டினால் 5 முதல் 5.5, பத்துப் பன்னிரண்டு நாட் மென்காற்றில் சறுக்க வேண்டும் என்றால் 7.5-க்கு மேல். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எடை குறைவானவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் மென்காற்றில் 4 முதல் 5.5 வரை போதும். ஒரே ஒரு பாய்தான் வாங்க முடியும் என்றால் உங்கள் இடத்தில் அடிக்கடி அடிக்கும் காற்றுக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள், ஆண்டுக்கு நான்கு நாள் வருகிற காற்றுக்காக அல்ல.

இனி மாஸ்ட். ஒவ்வொரு பாயின் மேலும், வழக்கமாக அடிமூலை அருகில், எண்கள் அச்சடித்திருப்பார்கள். உதாரணத்துக்கு, லஃப் 456, பூம் 190, மாஸ்ட் 430 என்று இருந்தால், பாயின் முன்விளிம்பு 456 சென்டிமீட்டர், பூமை 190-க்கு வைக்க வேண்டும், 430 சென்டிமீட்டர் மாஸ்டோடு அடியில் 26 சென்டிமீட்டர் நீட்டிப்பு தேவை என்று பொருள். மாஸ்டின் விறைப்பை ஐஎம்சிஎஸ் என்ற எண்ணால் குறிப்பார்கள். 400-க்கு 19, 430-க்கு 21, 460-க்கு 25 என்பது வழக்கமான ஜோடி. அத்தோடு மாஸ்ட் எப்படி வளைகிறது என்பதும் முக்கியம். சில நிறுவனங்களின் மாஸ்ட் உச்சியில் விறைப்பாக இருக்கும், சிலவற்றில் உச்சி நன்றாக வளையும், சிலவற்றில் இரண்டுக்கும் நடுவில். குண்டான மாஸ்டை எஸ்டிஎம் என்றும் ஒல்லியானதை ஆர்டிஎம் என்றும் சொல்வார்கள். இப்போது 430-க்குக் கீழே பெரும்பாலும் ஒல்லிதான். ஒல்லி மாஸ்டின் சுவர் தடிமனாக இருப்பதால் அடிபடுவதை நன்றாகத் தாங்கும்.

பாயைத் தைத்தவர் ஒரு குறிப்பிட்ட வளைவை மனதில் வைத்துத்தான் துணியை வெட்டியிருப்பார். நீங்கள் பொருந்தாத மாஸ்டைச் சொருகி எவ்வளவு இழுத்தாலும் ஓரிடத்தில் துணி தொளதொளவென்று சுருங்கும், இன்னோரிடத்தில் விண்ணென்று இழுபடும். அந்தச் சுருக்கம் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் விழும், அந்தக் கோட்டில்தான் படலம் ஒருநாள் வெடிக்கும். நல்ல பாயை வாங்கிவிட்டு நண்பர் கொடுத்த ஏதோ ஒரு மாஸ்டில் ஓட்டி, ஒரே பருவத்தில் பாயை வீணாக்கியவர்களைப் பார்த்து எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்திருக்கிறது. பாய்க்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தைச் சரியான மாஸ்டுக்கு ஒதுக்குங்கள்.

ஐந்தாவது படி: பழைய பாய் வாங்குகிறீர்கள் என்றால்

பழையதை வாங்குவதில் தப்பே இல்லை, நானும் இன்றுவரை அப்படித்தான் பெரும்பாலும் வாங்குகிறேன். ஆனால் என் முதல் பாய்க்குச் செய்யாததை எல்லாம் இப்போது செய்கிறேன்.

பாயை விரித்ததும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறக்க வேண்டும். ஜன்னலின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அலைத்துப் பாருங்கள். உயிருள்ள படலம் தடித்த பாலித்தீன் மாதிரி ‘வொப் வொப்’ என்று தாழ்ந்த குரலில் பேசும். செத்த படலம் சரசரவென்று சலசலக்கும். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை, கீறல், மடிப்பில் வெள்ளையாக விழுந்த கோடு எல்லாம் தெரியும். வெள்ளைக் கோடு ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை மாதிரி பரவியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்-ப்ளை பகுதிகளில் படலங்கள் பிரிந்து குமிழ் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பிரிந்திருந்தால் நடுவில் இருக்கும் பசை போய்விட்டது, அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிறகு தையல். வெயில் அதிகம் படும் மேல்பாதியில், ஒரு தையல் வரியின் மேல் விரல் நகத்தை வைத்துக் கொஞ்சம் அழுத்தியே சுரண்டுங்கள். நல்ல நூல் நகத்தடியில் கம்பி மாதிரி நிற்கும். இற்றுப்போன நூல் பொடிப்பொடியாகப் பிசிறடித்து எழும், சில சமயம் அப்படியே அறுந்து வரும். துணி நன்றாக இருந்து நூல் மட்டும் இற்றிருந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கான கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பேட்டன் ஒவ்வொன்றையும் பையின் மேலேயே முன்னிருந்து பின்வரை தடவுங்கள். உடைந்திருந்தால் கையில் படிக்கட்டு மாதிரி தட்டுப்படும். உடைந்த நார் உள்ளிருந்து பையைக் குத்திக் கிழிக்கும். பேட்டனை இறுக்கும் திருகு சுழல்கிறதா, அடிமூலையில் கப்பியின் உருளைகள் உப்பில் பிடித்துக்கொள்ளாமல் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஏற்கெனவே போட்ட ஒட்டுகள் இருந்தால் அவை இருப்பது குறை இல்லை, எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் சுத்தமாக, மூலைகள் வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பாயின் சொந்தக்காரர் அதைக் கவனித்து வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, பாயை முழுதாகப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதற்குரிய மாஸ்டிலேயே. பையில் சுருட்டி வைத்த பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். இழுத்து நிறுத்தினால்தான் எங்கே சுருங்குகிறது, எங்கே நீண்டுபோயிருக்கிறது என்று தெரியும். விற்பவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

வாங்கிய பிறகு

பூட்டும் வரிசை: மணலைத் துடைத்த மாஸ்டை உறைக்குள் விட்டு, டவுன்ஹாலை முக்கால்வாசி இழுத்து, பூமை மாட்டி, அவுட்ஹாலை லேசாக இழுத்து, மறுபடி டவுன்ஹாலை முழுதாக இழுத்து, கடைசியில் அவுட்ஹாலைச் சரிசெய்யுங்கள். இழுத்த பிறகு பாயின் மேல்பகுதியில் பின்விளிம்பு தொளதொளவென்று இருக்க வேண்டும். புதியவர்களுக்கு அது ஏதோ கெட்டுப்போன மாதிரி தெரியும், அதனால் டவுன்ஹாலைத் தளர்த்திவிடுவார்கள். தளர்த்தாதீர்கள். அந்தத் தொளதொளப்புதான் காற்று வீச்சு வரும்போது மேல்பகுதி விரிந்து காற்றை வெளியே விடுவதற்கான வழி. எவ்வளவு தொளதொளப்பு வேண்டும் என்று பல பாய்களில் ஒரு பேட்டன் அருகே குறி போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள். பேட்டனுக்குக் குறுக்கே நெடுக்குச் சுருக்கம் தெரிந்தால் திருகைச் சுருக்கம் போகும்வரை மட்டும் இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் அவுட்ஹால், பிறகு டவுன்ஹால்.

இடைவேளையில் பாயைப் பூட்டியபடியே வெயிலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயில் ஒரு பக்கம் என்றால், காற்றில் பின்விளிம்பு படபடவென்று அடித்துக்கொள்வது இன்னொரு பக்கம். ஒரு கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்தால் முறியுமல்லவா, படலத்துக்கும் அதுதான் நடக்கிறது. நிழலில், காற்று வரும் திசைக்கு மாஸ்டைக் காட்டி, அசையாமல் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் கழற்றிச் சுருட்டிவிடுங்கள்.

சுருட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலரவிடுங்கள். உப்புப் படிகமும் மணலும் சுருளுக்குள் சிக்கினால் ஒவ்வொரு அசைவிலும் ஜன்னலைக் கீறும். பிறகு உச்சியிலிருந்து கீழ்நோக்கி, பேட்டன்கள் ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி, கை நுழையும் அளவுக்கு நடுவில் இடம் விட்டுச் சுருட்டுங்கள். இறுக்கிச் சுருட்டினால் மோனோஃபிலிமில் மடிப்பு விழும். பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டால் சுருள் கோணாமல் வரும். ஈரமாகவே பையில் போட நேர்ந்தால் வீட்டுக்குப் போனதும் திறந்து விடுங்கள். பூட்டிய வண்டிக்குள் நாள் கணக்கில் வைத்தால் சூட்டில் பசை இளகும்.

ஒட்டுப் பட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். பாய்களுக்கென்று விற்கும் தெளிவான ஒட்டுப் பட்டைதான் வேண்டும். சாதாரணத் துணிப் பட்டையை ஒட்டினால் அதன் கோந்து பாயிலேயே தங்கிவிடும், அப்புறம் நல்ல ஒட்டும் பிடிக்காது. ஊசித்துளை அளவு ஓட்டை தெரிந்தால்கூட அன்றைக்கே, அடுத்த முறை தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, முழுதாகக் காய்ந்ததும், ஓட்டையைச் சுற்றி மூன்று நான்கு சென்டிமீட்டர் தாண்டும்படி பட்டையை வெட்டி, நான்கு மூலையையும் வட்டமாக்குங்கள். கூரான மூலைதான் முதலில் உரியும். பாயைத் தட்டையான இடத்தில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கரண்டியின் முதுகால் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே ஒட்டுங்கள். கிழிசல் ஓர் உள்ளங்கை நீளத்துக்கு மேல் என்றாலோ, தையலைத் தொட்டுவிட்டது என்றாலோ, பாய் தைப்பவரிடம் கொடுத்து அந்தத் துண்டையே மாற்றிவிடுவது நல்லது.

கிழிந்த அந்த முதல் பாயின் ஜன்னல் துண்டு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். பழைய பாய் பார்க்கப் போகும் நண்பர்கள் யாராவது வந்தால் அதைக் கையில் கொடுத்து அலைத்துப் பார்க்கச் சொல்வேன். அந்தச் சரசரப்பை ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால், அடுத்து அவர்கள் பார்க்கும் பாயை அவர்களாகவே எடைபோட்டுவிடுகிறார்கள்.